எட்டு மணி பஸ்

வான்கதவுகளை இறக்கி ஒன்பது நாள்.
குளம் இன்னும் தெளியவில்லை,
பால் விட்டுக் கலக்க மறந்த தேத்தண்ணி மாதிரிக் கிடக்கிறது.

உன்னிச்சைக்கு முதல் பஸ் என்னுடையது.
ஆயித்தியமலை தாண்டி, பள்ளங்களைப் பெயர்சொல்லி விலக்கி
வந்து சேர ஆறேகால். திரும்ப எட்டு.
இடையில் கிடக்கிற ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்கு
டிப்போவில் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

பின்சீட்டுக்குக் கீழே, சாக்கில் சுற்றிய மூங்கில்.
தங்கூசி போன வருசத்தது, முடிச்சு மட்டும் புதிசு.
தவளை, என் மகளின் அறுந்த பாட்டாச் செருப்பில் வெட்டியது.
பச்சை. ஒரு கால் நீளம்.
கொண்டக்டர் புவிராசா அதைப் பார்த்து
ஒவ்வொரு தையிலும் ஒரே சிரிப்பைச் சிரிப்பான்,
பிறகு டிக்கட் மெசினை நெஞ்சில் வைத்துத் தூங்குவான்.

இந்த வருசத்து முதல் எறிதல்.
கையை விட்டுப் பார்த்தேன்,
மழை மூன்று மாதம் சேர்த்து வைத்த குளிர்.
இப்படிக் குளிர்ந்தால் விரால் ஆழத்தில் நிற்காது,
வெயில் முதலில் இறங்கும் இடத்துக்கு வரும்:
மருதமரத்துக்கு அப்பால், வெள்ளத்தில் அமிழ்ந்த புல்லுக்குள்,
முழங்காலளவு நீர்.

எறிந்தேன். இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
ராத்திரி யானை போன தடத்தில் தண்ணீர் நிற்கிறது,
அதற்குள்ளும் ஒரு துண்டு வானம்.
எறிந்தேன்.
நீர்க்காகம் ஒன்று மூழ்கி, எழும்பி,
வெறும் வாயோடு என்னைப் பார்த்தது.
அதற்கும் சீசன் தொடங்கவில்லை.

ஏழு நாற்பதுக்குப் பிறகுதான் கண்டேன்.
உள்ளங்கை அகலத்தில் நீர் சிவப்பாய்க் கொதித்தது.
குஞ்சுகள்.
எல்லாம் ஒரே நேரத்தில் மூச்செடுக்க மேலே வந்து
ஒரே நேரத்தில் கீழே போயின.
அதற்கடியில் எங்கோ அது நிற்கும்,
தின்னாமல், தூங்காமல்.

பசியுள்ள மீனை ஏமாற்ற வேண்டும்.
இதை ஏமாற்றத் தேவையில்லை.
கோபத்துக்கு வாய் பெரிது.

செருப்புத் தவளை கொதிப்பின் நடுவில் விழுந்தது.

மறுகா நடந்தது கைக்குத்தான் தெரியும்.
மூங்கில் வளைந்து தண்ணீரில் முகம் கழுவியது.
நான் சப்பாத்தோடு இறங்கியிருந்தேன்.
அதே நேரம் மேலே ஹோர்ன்,
புவிராசா முழங்கையால் அழுத்துகிறான்.
சனம் ஏறி முடிந்துவிட்டது.
ஏறின சனம் இறங்கி அணைக்கட்டுக்கு வருகிறது.

"விடாதீங்க, விடாதீங்க" இது கணக்கு டீச்சர்.
"தங்கூசி அறும்" இது உரமூட்டைக்காரர், சந்தோசமாக.

புல்லில் கிடந்தது. என் முழங்கை நீளம்,
கறுப்பு, வயிற்றில் மழைமேகத்தின் ஓரம்.
தவமலர் குனிந்து பார்த்தாள்.
ஏழு மாதம், கையில் கிளினிக் கொப்பி.
"விரால் தின்ன ஒரு மாசமாச் சோட்டை" என்றாள்.
வாயில் எச்சில் ஊறியதை எல்லோரும் கேட்டோம்.

நான் நின்ற இடத்தில்
என் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புக் கொதித்தது.
மேலே. கீழே. மேலே.

அவளும் அதைப் பார்த்தாள்.
பார்த்துவிட்டு,
"அண்ணன், நேரம் போகுது.
கிளினிக்கில நம்பர் முடிஞ்சிரும்" என்றாள்.
அவ்வளவுதான்.

கொளுக்கியைக் கழற்ற ஒரு நிமிடம்.
தண்ணீரில் வைத்தும் அது போகவில்லை,
என் இரண்டு கைக்கும் நடுவில் கிடந்து
செவுளைத் திறந்து, மூடி, திறந்து...
பிறகுதான் அதற்கு வால் ஞாபகம் வந்தது.
எந்தப் பக்கம் போனதென்று கலங்கல் சொல்லவில்லை.

கியர்த்தடியில் வழுவழுப்பு. சப்பாத்துக்குள் குளம்.
டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டார், மணம் தாங்காமல்.
வவுணதீவுப் பாலத்தில் புவிராசா தாளை எடுத்தான்:
"பன்னிரண்டு நிமிசம் லேட். காரணம் என்னெண்டு போட?"

"மாடு குறுக்கால வந்ததெண்டு எழுது."

"எத்தினை மாடு?"

"எண்ணல்ல" என்றேன்.
"எல்லாம் சின்னன்."