எட்டு எழுத்துக்குக் குறையாமல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
குதைபியாவின் இந்தச் சந்து
பிரியாணிக் களைப்பில் கிடக்கும் நேரம்
டைப்பிங் சென்டர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவேன்.
பிள்ளைகள் குனிந்து வருவார்கள்.
இசக்கி குனியவேண்டியதில்லை.

ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட நான்கு லேப்டாப்கள்.
ஒன்றில் 'எம்' விசை விழுந்துவிட்டது.
அப்பாவின் வேலைச்சட்டைப் பொத்தானை
அங்கே ஒட்டிவைத்திருக்கிறான் இசக்கி.
அம்மா என்று ஆங்கிலத்தில் அடிக்க
இரண்டுமுறை அதை அமுக்குகிறான்.

பெயர், பிறந்த நாள், வீட்டு விலாசம்
முன்பின் தெரியாதவர் கேட்டால் சொல்லக்கூடாது
என்று பலகையில் எழுதித் திரும்பினேன்.
ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

"இது தெரியும் டீச்சர்," என்றாள் நஸ்ரத்.
"போலீஸ் கேட்டா சொல்லக்கூடாது.
லிஃப்ட்ல ஆன்ட்டி கேட்டா சொல்லக்கூடாது.
எந்த ஸ்கூல்னு கேட்டா
பெரிய ஸ்கூல் பேரா ஒண்ணு சொல்லணும்."
வயது பன்னிரண்டு.
சிபிஆர் கார்டு இல்லாத பன்னிரண்டு.
பலகையை அழித்தேன்.

ரோஷனிடம் விளையாட்டுக்குள் ஒருவன்
நூறு வைரம் தருகிறேன், முகம் காட்டு என்றானாம்.
"ஒட்டகப் படம் அனுப்பிச்சேன் டீச்சர்."
எதையும் அனுப்பாதே, பிளாக் பண்ணிவிட்டு
என்னிடம் வந்து சொல் என்றேன்.
ஒட்டகம் பாவம் என்றது வகுப்பு.

அன்றைக்குக் கடவுச்சொல்.
"கடவுச்சீட்டா?" ரோஷனின் முகம் வெளிறியது.
இல்லையப்பா, சொல். வெறும் சொல்.
எட்டு எழுத்துக்குக் குறையாமல்
யாரும் ஊகிக்க முடியாமல்.

மறந்துபோனால் திரை ஒரு கேள்வி கேட்கும்:
உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன?

நான்கு விசைப்பலகையும் ஓய்ந்தன.
பிறகு இசக்கி, ஒற்றை விரலால் தேடித் தேடி,
என் கடையின் பெயரை அடித்தான்
இரண்டு பிழையோடு.
நான் பார்த்திருக்கக்கூடாது.
திருத்தவுமில்லை.
பிழை இருந்தால் ஊகிப்பது கஷ்டம்.

போன வாரம் நஸ்ரத் வந்தபோது
இடது கன்னம் வீங்கியிருந்தது.
அத்தாவின் போனில் ஒரு செய்தி:
விசா அபராதம் முழுக்கத் தள்ளுபடி,
ஐந்து தினார் மட்டும், இன்று இரவுக்குள்.
கூடவே முத்திரை, நீல நிறத்தில் இணைப்பு.
பிறகு கனிவாகப் பேசும் ஒரு குரல்.
வந்த ஆறு எண்களையும் அந்தக் குரலுக்கு
அத்தா உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்.
மூன்றாவது எண்ணில் இவள் போனைப் பிடுங்கி
அணைத்துவிட்டாள்.

"முத்திரையில ஸ்பெல்லிங் தப்பு டீச்சர்.
அட்ரஸ் வேற எங்கேயோ போய் முடியுது.
அவசரப்படுத்தினாங்க. நீங்க சொன்னீங்கல்ல."

காசு போகவில்லை.
ஆனால் அதற்குள் அத்தா
ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்,
அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கி
ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.
அடி அதற்கு.

வாரம் முழுக்க ஊராருக்கு
விண்ணப்பம் அடிக்கிறவள் நான்.
இதற்கு என்னிடம் பாடமில்லை.
அசல் பக்கம் எங்கிருக்கிறது என்று மட்டும் தெரியும்.
திறந்து காட்டினேன்.

முதல் கட்டம் சிபிஆர் எண் கேட்டது.
அதற்குள் ஒரு சின்னக் கோடு
மின்னி மின்னி நின்றது.
அவள் கட்டத்தைப் பார்க்கவில்லை.
மேலே முகவரியில் விரல் வைத்து
எழுத்தெழுத்தாக, புள்ளி புள்ளியாக
இரண்டுமுறை படித்தாள்.

"இது நெசந்தான் டீச்சர்."