வியாழக்கிழமைக் கட்டம்

எலெயூதேரியோவின் காசநோய் அட்டையில்
வியாழக்கிழமைகள் மட்டும் வெறுமையாய் இருக்கும்.
மற்ற கட்டங்களில் என் கையெழுத்து:
என் கண்ணெதிரே விழுங்கினார்,
தண்ணீர் குடித்தார்,
வாயைத் திறந்து காட்டினார்.

'ஒழுங்கில்லாத நோயாளி' என்று எழுதினேன்,
சிவப்பு மையில்.
அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது வியாழன்
மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன்.

லிமாவில் மழை என்று ஒன்று பெய்வதில்லை.
ஜூலை வந்தால் வானம்
பிழியாத துணிபோல முகத்தில் கிடக்கும், அவ்வளவுதான்.
கொம்பி வேனில் சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன.
ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன்; துருவேறி இறுகியிருந்தது.
"சளி பிடிக்கும், விடுங்கள் சென்யோரா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.
பதினான்கு பேர் உட்காரும் இடத்தில் இருபத்தாறு பேர்.
ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கி
பத்திரமாகப் பின்சீட்டுக்கு அனுப்பினோம்,
சில்லறை கைமாறுவதுபோல.

மேலே பாலத்தில் மின்சார ரயில் போனது.
அதற்குப் பெரிய பெரிய சன்னல்கள்.
அதன் தூண்கள் மலைப்பக்கம் திரும்புவதே இல்லை.
எங்கள் மருத்துவ நிலையத்துச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது.
அதில் எங்களுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே
ஒரு சுண்டுவிரல் அகலம்.
அந்தச் சுண்டுவிரலுக்குள்
இரண்டு வேன், ஒரு மோட்டோடாக்சி,
அப்புறம் படிகள்.

மஞ்சள் பெயின்ட் அடித்த படிகள்.
தேர்தலுக்குத் தேர்தல் நிறம் மாறுமாம்,
எண்ணிக்கை மாறுவதில்லை. இருநூற்றுப் பதினேழு.
இரண்டு நுரையீரலும் சரியாயிருக்கும் நான்
நான்கு இடங்களில் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்தவள் நெலிடா, அவர் மனைவி.
மேசையில் ஒரு பால்பவுடர் டப்பா. குலுக்கிக் காட்டினாள்.
சத்தம் வரவில்லை.
"வியாழன் சாயந்திரம்தான் கூலி.
நீங்கள் ஒரு மணிக்கே பூட்டிவிடுகிறீர்கள்."
குற்றம் சொல்லவில்லை அவள்.
பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். விழுங்கினார்.
நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.
போதும், மூடுங்கள் என்றேன்.
கையெழுத்துப் போடப் பையைத் துழாவினேன்;
சிவப்புப் பேனாதான் இருந்தது.

திரும்பும் வேனில் டிக்கெட் வாங்குகிற பையன்
கதவில் தொங்கிக்கொண்டு நிறுத்தங்களைக் கூவினான்.
பதினேழு வயதிருக்கும்.
ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஓர் இருமல்;
ஏறுகிறவர்கள் அதையும் ஒரு நிறுத்தமென்று நினைத்திருக்கக்கூடும்.

இறங்கும்போது சில்லறையைக் கொடுத்தேன்.
சுட்டது
அவன் உள்ளங்கை.