நூற்றுப் பதினேழாம் பக்கம்

லாபிஸ் இரயிலடிக்கு எதிரே என் போட்டோஸ்டாட் கடை.
பக்கத்துக்கு ஆறு வெள்ளி என்று பேசி
ஈப்போ பதிப்பாளர் ரூபன் அனுப்பிய நாவலை
ஆளில்லாத நேரங்களில் தமிழாக்குகிறேன்.
நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது.
ஒரு பெயரடை.
மார்செசென்ட்.

மருந்துக்கடையில் போய்க் கேட்டால்
தேமலுக்கு ஒரு களிம்பு எடுத்துக் கொடுப்பார்கள்.

அகராதி சொல்கிறது:
வாடிய பிறகும் கிளையை விடாத.
குளிர்நாட்டில் சில மரங்கள் அப்படியாம்,
காய்ந்த இலைகளைப் பனிக்காலம் முழுக்கக்
கையிலேயே வைத்துக்கொண்டு நிற்குமாம்.
செடிநூல்காரர்களின் சொல் அது.
அதை எடுத்து இந்த எழுத்தாளர்
ஒரு சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார்:
கணவனும் மனைவியும் உப்புக் குப்பியை நகர்த்திக்கொள்கிறார்கள்,
அவர்களுக்கு நடுவே
மார்செசென்ட்டான ஒரு மரியாதை.

எங்கள் பால்மரங்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.
பிப்ரவரி வந்தால் மொத்தமாய்க் கொட்டிவிட்டு
வெட்கமில்லாமல் நிற்கும்.
அவற்றையும் சாய்த்துச் செம்பனை வைத்தாயிற்று.

தமிழில் தேடினேன்.
கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு.
படிப்படியாய் இறங்கி வருகிறது மொழி.
பழுப்புக்கும் சருகுக்கும் நடுவில்
ஒரு படியைக் காணோம்.
வாடிய பூவுக்குச் செம்மல் என்று ஒன்று உண்டு,
அதைத் தலைவர்களுக்குப் பட்டமாய்க் கொடுத்துவிட்டோம்.
திரும்பக் கேட்க முடியாது.

'வாடியும் வீழா' என்று எழுதினேன்.
மேடையில் யாரோ தொண்டையைச் செருமியது போலிருந்தது.
'காய்ந்தும் உதிராத' என்றேன்.
வடகம் நினைவுக்கு வந்தது. அடித்தேன்.

மதியம் குத்தகைக்காரர் ஜெகதீசன் வந்தார்,
கம்பெனிக்குப் பில் தட்ட.
மட்டை கழித்தது, ஆயிரத்து நூற்று நாற்பது மரம்.
விட்டால் தானாய் விழாதா என்று கேட்டேன்.
'செம்பனை விடாதும்மா.
செத்த மட்டையைப் பாவாடை மாதிரி
சுத்திக்கிட்டு நிக்கும்.
பாரமும் இல்ல, பலனும் இல்ல.
எலி குடியிருக்கும், அவ்வளவுதான்.'
மரத்துக்கு ஒரு வெள்ளி இருபது காசு.
வெட்டுவதற்குக் கூலி இருக்கிறது.
பிடித்துக்கொண்டு நிற்பதற்குப்
பில்லில் ஒரு கட்டம்கூட இல்லை.

தண்ணீர் பில் இன்னும் தனசீலன் பெயரில்தான் வருகிறது.
ஜொகூர்பாருவில் இருக்கிறார். ஐந்து வருடம்.
சண்டையென்று எதுவும் இல்லை.
தீபாவளிக்கு மறுநாள் வருவார்,
செருப்பை வாசலின் வலது பக்கம் விடுவார்,
பழைய இடத்தில்.
முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது என்பார்.
நான் டப்பாவில் போட்டுக் கொடுப்பேன்.

கடையில் எல்லாப் பாரங்களும் விற்கிறேன்.
மணவிலக்குப் பாரம்கூட உண்டு,
மூன்று பிரதி, அறுபது காசு.
எனக்கென்று ஒன்றை உருவி வைக்க
ஒவ்வொரு மாதமும் மறந்துபோகிறது.

ஐந்து மணிக்கு ரூபனிடமிருந்து வாட்ஸ்அப்:
பக்கம் முடிந்ததா அக்கா?

'மரியாதை'க்கு முன்னால்
ஒரு விரல் அகலம் வெள்ளையாய் விட்டுவிட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.
அங்கே அவள்,
உப்பு இன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டது என்கிறாள்.
அவன் தண்ணீர் குடிக்கிறான்.