பதினேழாம் எண் பெட்டி

இரவு இரண்டு பத்துக்கு
என் பலகையில் ஒரு விளக்கு அணைந்தது.
பச்சையுமில்லை, சிவப்புமில்லை.
அணைந்த விளக்குக்கு ரயில்வேயில் ஒரே அர்த்தம்:
நில்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடந்தேன்.
கைபேசி வரைபடத்தில் நான்
ஏதோ கடலோர விமான நிலையத்தின்
ஓடுபாதை நடுவில் நின்றிருந்தேன்.
திசையைக் குழப்பும் அலைகளை
அந்தப் பக்கத்திலிருந்து அனுப்புகிறார்கள்,
இந்தப் பக்கத்திலிருந்தும்தான்.
பெரெஸ்தோவ்கா எங்கே இருக்கிறதென்று
மூன்று வருடமாக என் கைபேசிக்குத் தெரியாது.
என் செருப்புக்குத் தெரியும்.

பெட்டி எரிந்து முடிந்திருந்தது.
ரிலேக்கள் ஒன்றோடொன்று ஒட்டி
கறுத்த தேனடையாய்த் தொங்கின.
செம்புச் சுருள்களில் இன்னும் சூடு.
உடம்புச் சூட்டை இருட்டில் தேடும் ட்ரோன்கள்,
அவற்றைத் தேடும் ட்ரோன்கள்,
வானத்தில் கோடிக்கணக்கில் செலவு.
இங்கே ஒரு லிட்டர் பெட்ரோல்
பதினோரு ரயில்களை நிறுத்திவிட்டது.

விடியும்வரை கொடி காட்டினேன்,
என் தாத்தா காலத்துக் கொடி.
தார்ப்பாய் மூடிய பெட்டிகள்
நடக்கிற வேகத்தில் என்னைக் கடந்தன.
உள்ளே என்ன என்று நான் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்தார் ஹோர்தியென்கோ.
ஒரு வீடியோ காட்டினார், நாற்பத்தேழு நொடி.
எரித்தவன் எடுத்தது.
வேலை முடிந்ததற்குச் சான்று அனுப்பினால்தான் கூலியாம்.
முகமில்லை. கையுறை, தீ,
பிறகு எண் பதினேழு,
பரீட்சை விடைத்தாளில் எழுதுவதுபோல
நன்றாகத் தெரியும்படி.

பத்தொன்பதாம் நொடியில் ஒரு மூலையில்
பூப்லிக் வருகிறது.
ஸ்டேஷன் நாய். சோறு போடுவது நான்.
தினமும் வரும் தபால்காரியைப் பார்த்தே குரைக்கும்.
வீடியோவில் அது
வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஏதாவது கவனித்தீர்களா, ஸ்தெஃபானியா?"

"பூட்டை உடைக்கவில்லை.
கீல் பக்கமாகக் கழற்றியிருக்கிறான்" என்றேன்.
அதுவும் உண்மைதான்.

சாஸேஜ் தோலை உரித்து அதற்குப் போடுகிறவன் ஒருவன் உண்டு.
தெமியான். பதினாறு வயது.
கட்டுப்பாட்டு அறையில் எனக்கு அடுத்த நாற்காலியில்
உட்கார்ந்திருக்கும் ராயிஸாவின் மகன்.
வருடக்கணக்கில் விரிசல் விட்டிருந்த
அவன் கைபேசித் திரை
இந்த வாரம் புதிதாக இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் அறுபது கிலோமீட்டரில்
வலந்தீன் இருக்கிறான்.
இருவரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்ச்.
ஒரே தொழிற்சாலை முத்திரையிட்ட ரிலேக்கள்
அங்கும் இங்கும்.
உதிரி தீர்ந்தால் ஒரு காலத்தில்
சரக்கு ரயில் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவான்,
கூடவே ஒரு பாட்டில் ஊறுகாய்.
போன மாதம் அவர்கள் ஊரிலும் பெட்டி எரிந்தது.
அங்கும் ஒரு பையன், அங்கும் ஒரு வீடியோ.
அதை இங்கே யார் பார்த்து
யார் பணம் அனுப்பினார்கள் என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.
வெள்ளைக் கம்பி மூன்றாவது முனைக்கு,
நீலம் ஏழுக்கு என்று
இந்நேரம் அவனும் முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

"இரண்டாம் தடம் காலியா?" என்கிறாள் ராயிஸா.
"காலி."
எங்கள் பேச்சு அவ்வளவுதான் இப்போது.

நேற்று ஹோர்தியென்கோ மறுபடி வந்தார்.
கேள்வி எதுவும் இல்லை, ஒரு கையெழுத்து மட்டும்.
திரும்பிப் போகையில் பூப்லிக்
அவர் பூட்ஸைத் துரத்தித் துரத்திக் குரைத்தது.
கல்லெடுப்பதுபோல் குனிந்தேன்,
அடங்கவில்லை.
கார்க் கதவைச் சாத்திய பிறகும் குரைத்தது.

அவர் இஞ்சினைக் கிளப்பவில்லை.
கண்ணாடியை இறக்கி
நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பிறகு என்னை.