0.43 ஆம்பியர்

மூன்று நாளைக்கு ஒருமுறை வண்டி செத்துப்போகிறது.
இரண்டாவது பேட்டரிக்கு எசென்பாய் கொடுத்தது
ஒரு செம்மறிக் கிடாயின் விலை.
டைனமோ என்கிறார். குளிர் என்கிறார்.
கடைசியில் மச்சான் மாட்டிக்கொடுத்த ஸ்பீக்கர் என்கிறார்.

நரீனில் மைனஸ் இருபத்திரண்டு.
கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி
எல்லாம் மூடியாயிற்று என்று வண்டியை நம்பவைக்கிறேன்.
நெகட்டிவ் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டர்.
இனி நாற்பது நிமிடம் எதையும் தொடக்கூடாது,
வண்டி தூங்கட்டும்.
கை சும்மா இருக்காத மனிதர் அவர். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

தூங்கியும் 0.43.
தூக்கத்தில் யாரும் இவ்வளவு தின்பதில்லை.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன்.
ஸ்பீக்கருக்கு முள்முனையும் அசையவில்லை;
மச்சான் பிழைத்தான்.
பதினைந்தாவதில் எண் பொத்தென்று விழுந்தது: 0.02.
டாஷ்போர்டுப் பெட்டியின் குட்டி விளக்கு.

"அதுவா? எப்போது திறந்தாலும் எரியுமே!
இந்த வண்டியில் ஒழுங்காக இருப்பதே அது ஒன்றுதான்."

ஃப்யூஸைத் திரும்பச் செருகி,
அவர் போனில் வீடியோவை ஓடவிட்டு,
உள்ளே வைத்து மூடினேன்.
பிறகு தலையோடு தலை முட்டப் பார்த்தோம்.

மூடி சாத்தும் சத்தம்.
அதன் பிறகும் பட்டப்பகல்:
காப்பீட்டுக் காகிதம், சூரியகாந்தி விதைகள்,
நவம்பரில் தொலைந்த இடதுகைக் கையுறை.

பல்பைக் கழற்றி அவர் பையில் போட்டேன்.
அவர் கையுறையை மாட்டி, விரல்களை மடக்கி விரித்து,
"சூடாக இருக்கிறது" என்றார்,
கோபித்துக்கொள்ள வேண்டுமா என்று
இன்னும் முடிவுசெய்யாத குரலில்.