நாலுக்கு ஏற்றம், ஆறுக்கு இறக்கம்

பிறந்து முப்பத்தொரு மணிநேரம்.
பெயர்கூட வைக்கவில்லை.
கைப்பட்டியில் எழுதியிருக்கிறது:
யோகசுந்தரியின் பிள்ளை, பெண்.
அதற்குள் உனக்கு மூன்று பரீட்சை.

டிக்கோயா ஆஸ்பத்திரி, ஜன்னலெல்லாம் பனி.
நில்மினி மிஸ்ஸி ஓர் அட்டையோடு வந்தாள்.
அதில் நாலு வட்டம். ஒவ்வொன்றும்
நிறைய வேண்டுமாம், உன் குதிகால் இரத்தத்தால்.
யோகா என் விரல்களை நெரித்தாள்.

"தாத்தா, மூச்சு விடுங்க" என்றாள் மிஸ்ஸி.
அவள் பாஷையில் தாத்தா என்றால் அப்பா.
இருபத்தாறு வயதில் தாத்தாவாகி நின்றேன்.
யோகா சிரித்தாள்,
தையல் வலிக்க வலிக்க.

நாலு எண்ணும்வரை இழுக்கணும்,
ஆறு எண்ணும்வரை விடணும்,
தோள் தளரணும், பல்லைக் கடிக்கக் கூடாது.
மூன்றிலேயே தடுக்கியது எனக்கு.
எண் வராது, றோட்டுதான் வரும்.
கண்ணை மூடி ஆட்டோவை ஏற்றினேன்
(கண்ணை மூடி ஓட்டியது அன்று மட்டும்தான்):
தொழிற்சாலை முடக்கு, மாதா சுரூபம்,
தண்ணிப் பீலி, மண் சரிந்த இடம். நாலு.
பிறகு இறக்கம்,
பிரேக்கில் கால் வைக்காமல், மெல்ல,
ஆறு முடக்கும் தானாக அவிழ.

யோகாவுக்கும் சொன்னேன்.
"முடக்கில ஹோர்ன் அடிக்கணுமா?" என்றாள்.
அடி என்றேன்.
அவள் நெஞ்சோடு ஒட்டி நீ பால் குடிக்கையில்
குத்தினார்கள். வீரிட்டாய்.
ஐந்தாம் முடக்கில் அடங்கினாய்.

அப்புறம் பாதத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம்,
மூடுபனிக்குள் முன்னால் போகிற லொறியின்
பின்விளக்கு மாதிரி.
அதைப் பார்த்தே ஓட்டிப் பழகியவன் நான்.
தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு.
"ஹொந்தய்" என்றாள் மிஸ்ஸி.

வலது காது சரி.
இடது ஒன்றும் சொல்லவில்லை.
"ஈரம் இருக்கும். ரெண்டு கிழமையில வாங்க."
அந்த இருக்குமைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தோம்.

இரத்த அட்டை எங்கோ போயிருக்கிறது.
ஏதும் என்றால் போன் வரும்,
ஒன்றுமில்லையென்றால் வராது.
போன் வந்தால்தான் எங்களுக்கு அரிசி.
பத்தாம் நாளும் ஸ்டாண்டில் நிற்கிறேன்.
மணி அடிக்கிறது.
நாலு முடக்கு ஏறிய பிறகே எடுக்கிறேன்.
மஸ்கெலியாவுக்கு மூன்று பேர், ஒரு சாக்கு கரட்.
"இந்தா வாறேன்" என்கிறேன்.
இவனுக்கு ஏன் இத்தனை சந்தோசம் என்று
நினைத்திருப்பார்கள்.

இருட்டியதும் லயத்துக்குக் கீழ் முடக்கில்
ஒருதரம் ஹோர்ன் அடிக்கிறேன்.
நீ திடுக்கிட்டாயா என்று
வாசலில் நின்று யோகா சொல்வாள்.