பாக்கி

தலையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
இருபத்தாறு வருஷமாக டெப்போவில் செக்கர்கள்
என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
சுத்தமாக இருக்கிறது, அதனால்தான் இப்போதே.
நெஞ்சில் அடங்கிய சனியன்
அடுத்து இறங்கும் ஸ்டாப் இதுவாம்.
வருமுன் கதவை அடைக்கணுமாம்.
ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம் என்றும் சொன்னாராம்.
வேலம்மாள்தான் சொல்கிறாள்.

பரேலில் பத்து நாள்.
வெந்நீரில் நனைத்த வலையை முகத்தில் இழுத்து அமுக்க
அது ஆறி இறுகுமட்டும் மூக்கு அரித்தது.
பிறகு மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்கள்.
நெருப்பில்லை, வலியில்லை.
மூடிய கண்ணுக்குள் நீலமாக ஒன்று ஓடியது,
பிளீச்சிங் பவுடர் வாடை, எங்கிருந்தென்று தெரியவில்லை.
முடி போனது. முடி வந்தது.

வேறு என்ன போனது என்பதை
போனதை வைத்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

டபுள் டெக்கரின் மேல்தட்டு,
ஜூலை மழை, ஒழுகும் கூரை,
சயானில் நூறு ரூபாய் நீட்டியது யார்
மாட்டுங்காவில் ஐம்பது தந்தது யார்
எவருக்கு எவ்வளவு பாக்கி,
ஒரு டிக்கெட்டின் முதுகிலும் எழுதியதில்லை இந்த இசக்கிமுத்து.
கேட்குமுன் கையில் வைப்பேன்,
படியில் கால் வைத்தவரைக் கூப்பிட்டு,
மராத்திக்காரருக்கு மராத்தியில், நம்மாளுக்குத் தமிழில்.

இன்று காலை பால், முட்டை, ரொட்டி.
ஐநூறு ரூபாய் நோட்டு. நூற்றுப்பதினேழு ஆச்சு.
மிச்சத்தைக் கையில் தந்துவிட்டு
கடைப் பையன் நின்றான். நானும் நின்றேன்.
யார் யாருக்குத் தரவேண்டும் என்பது
சட்டென்று அறுந்துபோயிருந்தது.
ஆனால் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகிக்கொண்டது கை.
அதற்கு மட்டும் யாரும் கதிர் வைக்கவில்லை.

வேலம்மாள் இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.
காஸ் அடுப்பின் மேல் தாள் ஒட்டியிருக்கிறாள்: அணை.
கேட்டதற்கெல்லாம் புதிதாகப் பதில் சொல்கிறாள்.
அது மூன்றாம் தடவை என்பதை
மகள் தட்டைப் பார்த்துக் குனிவதில் தெரிந்துகொள்கிறேன்.

மறுபடி கேட்டாலும் படுப்பேன்.
வலையைப் பூட்டச் சொல்வேன்.
இரண்டு வருஷமாகப் படம் சுத்தம்,
மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, நான் இருந்தேன்.
இருந்தேன் என்று போட்டோவில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கொருதரம் பரீட்சை.
ஐந்து சொல் சொல்லி, கடிகாரம் வரையவைத்து,
ஊர்ப்பேச்சு பேசி, பிறகு கேட்பாள் அந்தச் சின்னப் பெண்.
இந்தியில்தான் சொன்னாள்; எனக்குத் தமிழில் வந்தது.
சாவி என்றேன்.
எலுமிச்சம்பழம்.
மகள் பெயர்த்துச் சொன்னாள்.
பேனா காத்திருந்தது. ஃபேன் சுற்றியது.
பின்னால் யாரோ வண்டியைத் தட்டினது போலிருந்தது.

மூன்று பாக்கி, அம்மா.
இறங்கும்போது தருகிறேன்.